எஞ்சின் மாத்தியாச்சு, டேஷ்போட்ல மீட்டர் பாதி செத்துப்போச்சு – ஈஈ90க்கு 5ஏ போட்டவங்க யாரும் இருக்கீங்களா?

தலவாக்கலை_90

வணக்கம் எல்லாருக்கும். நம்ம வண்டி கொரோலா ஈஈ90, அப்பா காலத்து வண்டி. 2ஈ கார்பரேட்டர் எஞ்சின் ஒயில் குடிச்சு புகை கக்கி, இனிமே எமிஷன் டெஸ்டுக்கு கொண்டு போனா அவங்களே சிரிப்பாங்கன்ற நெலமைக்கு வந்துருச்சு. அதுனால கொழும்பு பஞ்சிகாவத்தை பழைய பார்ட்ஸ் கடையில ஒரு 5ஏ எஃப்ஈ இன்ஜெக்‌ஷன் எஞ்சின், ஏஈ100ல கழட்டினது, கியர் பொக்ஸ், ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்), வயரிங் எல்லாத்தோடயும் எடுத்து இங்க ஒரு கராஜ்ல குடுத்து போட்டாச்சு. எஞ்சின்ல ஒரு கொறையும் சொல்ல ஏலாது, ரம்பொட ஏத்தத்துல முந்தி ரெண்டாவது கியர்ல அழுதுகிட்டு போன வண்டி இப்ப மூணாவதுல சும்மா போகுது.

பிரச்சினை எல்லாம் டேஷ்போட்ல. முந்தி ஆர்பிஎம் மீட்டர் இல்லாத போர்ட், அதைக் கழட்டிட்டு ஏஈ91 இன்ஜெக்‌ஷன் வண்டியோட போர்ட் ஒண்ணு போட்டேன், சொக்கட் எல்லாம் அப்படியே ஏறிச்சு. இப்ப ஹீட் மீட்டர் முள்ளு சீ-யை (குளிர் பக்கம்) விட்டு அசையவே மாட்டேங்குது, போன கிழமை ரம்பொட ஏறுறப்ப பொனட்டுல ஆவி வந்த பிறகும் முள்ளு கீழதான் படுத்திருந்துச்சு. ஆர்பிஎம் முள்ளு செத்த மாதிரி. ஸ்பீட் மீட்டர் இல்லவே இல்ல, கியர் பொக்ஸ்ல கேபிள் மாட்ற எடத்துல ஏதோ வயர் சொக்கட்தான் இருக்கு. சாவி ஒன் பண்ணினா சார்ஜ் லைட் பத்துறதில்ல. ஒயில் லைட் சரி. பெற்றோல் மீட்டர் வேலை செய்யுது, ஆனா ஹெட்லைட் போட்டா முள்ளு கொஞ்சம் ஆடுது.

கராஜ்ல கேட்டா போர்ட் எரிஞ்சிருக்கு வேற தேடுங்கன்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. என்ன சொல்றீங்க?

கம்பளை_கஜா

மச்சான் ஏன் இவ்வளவு பாடு. ஒரு ஹீட் மீட்டர், ஒரு ஒயில் பிரஷர் மீட்டர், ஒரு வோல்ட் மீட்டர், மூணையும் ஒரே பிளேட்ல வச்சு விக்கிறான், வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழ பூட்டிட்டு போய்கிட்டே இரு. ஸ்பீடுக்கு போன்ல ஜீபிஎஸ். நான் என் டவுனேஸுக்கு அப்படித்தான் செஞ்சிருக்கேன், ஒரு தொல்லையும் இல்ல.

வெலிமடை_வயரிங்

தம்பி, போர்ட் எரிஞ்சிருந்தா பெற்றோல் மீட்டர் எப்படி வேலை செய்யும்? ஹீட், பெற்றோல், ஆர்பிஎம் மூணு முள்ளுக்கும் சாவி ஒன் கரண்ட் அதே கேஜ் பியூஸ்லருந்துதான் வருது. பெற்றோல் டாங்கி எஞ்சின் மாத்துனதுல தொடப்படல, அதோட வயர் பின்னாடி அப்படியே கெடக்கு, அதனால அது ஓடுது. செத்தது எல்லாம் எஞ்சின் பக்கத்துலருந்து சிக்னல் வர்ற மீட்டர். அப்ப கோளாறு எங்க இருக்குன்னு சொல்லவே தேவையில்ல. போர்ட்டுக்கு ஒரு ரூவா செலவழிக்காதீங்க.

எங்க கடையில அப்பா காலத்துலருந்து இதே வேலைதான், எஞ்சின் மாத்தி வர்ற வண்டியில முக்கால்வாசி இதே கதை. எஞ்சின் பூட்டுறவங்க ஈசியூ வயரிங்கைக் கவனமா போடுவாங்க, ஏன்னா அது இல்லன்னா ஸ்டார்ட் ஆகாது. டேஷ்போட்டுக்குப் போற நாலஞ்சு வயரை மட்டும் கண்ணுல பட்ட சொக்கட்ல சொருகி விட்டுருவாங்க.

முதல்ல ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணு, ஹீட் மீட்டர் வயர் எஞ்சின்ல எதுல மாட்டியிருக்கு, ஒத்த வயர் சென்சர்லயா ரெண்டு வயர் சொக்கட்லயா. ரெண்டு, எஞ்சின் ஓடும்போது பெட்டரியில எத்தனை வோல்ட்.

அதுவரைக்கும் அந்த வண்டியில ஏத்தம் ஏறாதீங்க, கோவிச்சுக்காதீங்க.

தலவாக்கலை_90

அக்கா நன்றி. பாத்தேன். பழைய ஹீட் வயரை பச்சைக் கலர் ரெண்டு பின் சொக்கட்டுக்குப் போற வயர்ல ஒட்டு போட்டிருக்காங்க, டேப் சுத்தி. பெட்டரி 12.3 தான் காட்டுது, எஞ்சின் ஓடுறப்பவும் அதேதான்.

வெலிமடை_வயரிங்

நெனச்சேன். இதைக் கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன், பின்னாடி வர்றவங்களுக்கும் உதவும்.

அந்த பச்சை சொக்கட் ஈசியூவோடது. 5ஏ எஃப்ஈயில தண்ணி சூட்டைப் பாக்குற சென்சர் ரெண்டு இருக்கு, ரெண்டும் வெவ்வேற ஆளுக்கு வேலை செய்யுது. ரெண்டு வயர் உள்ளது ஈசியூவுக்கு, பெற்றோல் எவ்வளவு தெளிக்கணும்னு முடிவு பண்றதுக்கு. ஒத்த வயர் உள்ளது டேஷ்போட் முள்ளுக்கு, அதோட இன்னொரு முனை எஞ்சின் பொடிதான் (எஞ்சினோட இரும்பு உடம்பு). ரெண்டுமே சூடு ஏற ஏற ஓம்ஸ் (மின்தடை) கொறையிற சாதிதான், ஆனா அளவு மலைக்கும் மடுவுக்கும். ஈசியூ சென்சர் 20 டிகிரியில ரெண்டாயிரத்துல இருந்து மூவாயிரம் ஓம்ஸ், 80 டிகிரியில சுமார் முந்நூறு. டேஷ்போட் சென்சர் 50 டிகிரியிலயே 226 ஓம்ஸ்தான், 115 டிகிரியில 26க்கு எறங்கிரும். இப்ப பாருங்க, எஞ்சின் 80 டிகிரிக்கு வந்தும் உங்க முள்ளுக்கு முந்நூறு ஓம்ஸ்தான் தெரியுது, அது "எஞ்சின் இன்னும் பச்சைத் தண்ணி"ன்னு நெனச்சு சீ-யிலயே கெடக்கு. கொதிச்சாலும் அப்படித்தான் கெடக்கும்.

அதை விட மோசம், மீட்டர்ல இருந்து போற கரண்ட் ஈசியூ சென்சர் லைன்ல கலக்குது. ஈசியூ தப்பான சூட்டைப் படிக்கும், பெற்றோல் கணக்கு கெடும், காலையில ஸ்டார்ட் பண்றதும் கெடும். அந்த ஒட்டை இன்னைக்கே பிரிச்சு எடுங்க.

பிரிச்ச வயரை கையில வச்சுக்கிட்டு ஒரு டெஸ்ட். சாவி ஒன் பண்ணி, வயர் முனையை ஒரு சின்ன பல்ப் வழியா எஞ்சின் பொடியில தொடுங்க, டொயோட்டா மெனுவல்ல 3.4 வோட் பல்ப்னு போட்டிருக்கான், மீட்டர் லைட்டுக்குப் போடுற சின்ன பல்ப் போதும். முள்ளு எச் (சூடு) பக்கம் ஏறினா மீட்டரும் வயரும் நல்லது. நேரா பொடியில வச்சுத் தேய்க்காதீங்க, மீட்டர்ல உள்ள கொயில் போயிரும், பல்ப் அதுக்கு ஒரு காவல்.

அப்புறம் ஒத்த வயர் சென்சரைத் தேடுங்க. தண்ணி வெளிய வர்ற அலுமினிய ஹவுசிங்ல, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமா இருக்கும், பச்சை சொக்கட்டுக்குப் பக்கத்துலதான். சில நேரம் பஞ்சிகாவத்தையில ஏத்தி எறக்குறப்ப தலை ஒடஞ்சிருக்கும், அப்ப உங்க பழைய 2ஈ எஞ்சின்ல உள்ளதைக் கழட்டிப் போட்டுப் பாருங்க, ரெண்டும் டொயோட்டா மீட்டருக்கு செஞ்சதுதான். புரி பொருந்தினா கையாலயே ரெண்டு சுத்து ஏறும், ஏறலன்னா வலுக்கட்டாயமா ஸ்பேனர் போடாதீங்க, அலுமினியம் புரி கழண்டா ஹவுசிங்கே போச்சு.

மைனர்_மாமா

வயரிங் பிள்ளை சொல்றது நூத்துக்கு நூறு. ஒண்ணு மட்டும் சேத்துக்கிறேன். சென்சரைப் பூட்டுறப்ப வெள்ளை டேப்பை புரி முழுக்க சுத்தி வச்சிடாதீங்க. அதுக்கு ஏர்த் (கரண்ட் பெட்டரி மைனஸுக்குத் திரும்புற வழி) அந்தப் புரி வழியாத்தான் போகுது. கனமா சுத்தினா முள்ளு செத்துப்போகும், அப்புறம் திரும்ப மீட்டரைக் கொற சொல்லுவீங்க. கீழ ரெண்டு புரியை விட்டுட்டு ஒரு சுத்து போதும்.

கம்பளை_கஜா

அக்கா நான் சொன்னதுல என்ன பிழை? இவ்வளவு ஓம்ஸ் கணக்கு பாக்குறதுக்கு அஞ்சு நிமிஷத்துல ஒரு புது மீட்டர் பூட்டலாமே. அதுவும் கரண்டே தேவையில்லாத, செம்புக் குழாய் வச்ச ஹீட் மீட்டர் இருக்கு, அது நேரா டிகிரியே காட்டும். கொரோலா முள்ளு நடுவுல நின்னா 80ஆ 95ஆன்னு யாருக்குத் தெரியும்?

வெலிமடை_வயரிங்

கஜா தம்பி, அந்த செம்புக் குழாய் மீட்டரை நான் கொற சொல்லவே இல்ல, மலைநாட்டு வண்டிக்கு அது நல்ல சாமான்தான். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்க தெறந்த சட்டியில தண்ணி சுமார் 94 டிகிரியிலயே கொதிச்சிரும். ரேடியேட்டர் கேப் அழுத்தம் புடிச்சு வச்சிருக்கிறதாலதான் 110ஐத் தாண்டியும் கொதிக்காம நிக்குது. கேப் ரப்பர் போன வண்டி கம்பளையில கொதிக்காது, நுவரெலியாவுக்குக் கிட்ட வந்ததும் கொதிக்கும். டிகிரி தெரிஞ்சா இது பிடிபடும், முள்ளு மட்டும் பாத்தா பிடிபடாது. அது வரைக்கும் உங்க கட்சிதான்.

ஆனா அசல் மீட்டரை செத்த நெலையில விட்டுட்டு பக்கத்துல ஒண்ணு பூட்டுறது எனக்கு ஒத்து வராது. முதல் காரணம், கோளாறுக்குக் காரணமான அந்தப் பிழை வயர் உள்ளயே கெடக்கும், இந்த வண்டியில ஈசியூ சென்சரைக் கெடுத்துக்கிட்டு இருந்த மாதிரி. ரெண்டாவது, ஸ்டியரிங்குக்குக் கீழ பூட்டுனதை ராத்திரி மழை பனியில யாரு குனிஞ்சு பாக்குறா. நானுஓயா பக்கம் மிஸ்ட் எறங்கினா கண்ணு ரோட்டை விட்டு நகராது. நேர் கண்ணுக்கு முன்னாடி உள்ள முள்ளுதான் உயிரைக் காப்பாத்தும். மூணாவது, நாளைக்கு வண்டியை விக்கப் போனா வாங்குறவன் முதல்ல பாக்குறது டேஷ்போட்.

அசலை சரி பண்ணிட்டு கூட ஒண்ணு பூட்டுங்க, அதுக்கு நானே சாமான் தர்றேன்.

கம்பளை_கஜா

சரி சரி. பாதி வெற்றி எனக்கு. 😄

தலவாக்கலை_90

ஒட்டைப் பிரிச்சாச்சு. பல்ப் டெஸ்ட்ல முள்ளு ஏறுது! ஒத்த வயர் சென்சரும் இருக்கு, ஹவுசிங்குக்கு அடியில ஒளிஞ்சுகிட்டு இருந்துச்சு, கரி புடிச்சு. வயரை அதுல மாட்டினதும் எஞ்சின் சூடாகச் சூடாக முள்ளு மெதுவா ஏறி நடுவுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. ஆனா ஹெட்லைட் போட்டா பெற்றோல் முள்ளோட சேந்து இதுவும் ஏறுது, அணைச்சா எறங்குது.

வெலிமடை_வயரிங்

அது ஏர்த். எஞ்சின் நாலு பக்கமும் ரப்பர் மவுண்ட்ல உக்காந்திருக்கு, பொடிக்கும் எஞ்சினுக்கும் கரண்ட் போக ஒரு பட்டை வயர் வேணும். மாத்துறப்ப அதைக் கழட்டிப் போட்டுட்டு திரும்ப பூட்ட மறந்திருப்பாங்க. எஞ்சின் ஸ்டார்ட் பண்றப்ப மல்டிமீட்டரோட ஒரு முனையை பெட்டரி மைனஸ்லயும் மத்ததை எஞ்சின் பிளொக்லயும் வைங்க. 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா பட்டை இல்ல இல்லன்னா துரு. அப்படியே பிளொக்குக்கு பதிலா பொடியில வச்சும் ஒரு தடவை பாருங்க. ரெண்டும் நல்லா இருந்தா டேஷ்போட்டுக்குப் பின்னால போர்ட்டோட ஏர்த் வயரைப் பாருங்க, நீங்க போர்ட் மாத்தினப்ப அந்த ஸ்க்ரூ லூசா நிக்கலாம்.

மைனர்_மாமா

இந்த ஏர்த் கதைக்கு என்கிட்ட ஒரு சாட்சி இருக்கு. ஹப்புத்தளையில என் மொரிஸ் மைனருக்கு நிசான் ஏ12 எஞ்சின் போட்டப்ப ஏர்த் பட்டை போடாம விட்டுட்டாங்க. ஸ்டார்ட்டர் கரண்ட் போக வழி தேடி சோக் கேபிள் வழியா போயிருக்கு. சாவி போட்டு ஸ்டார்ட் பண்றேன், சோக் குமிழை இழுக்கிறேன், கை சுட்டுச்சு. கேபிள் உறை உருகி நாத்தம் வேற. அந்தக் கேபிள் துண்டு இப்பவும் ஆணியில தொங்குது, வர்றவங்களுக்குக் காட்ட.

சார்ஜ் லைட் விஷயத்துலயும் மைனர்காரங்களுக்கு ஒரு சொல். நம்ம மைனர் ஃபெக்டரியில இருந்து வர்றப்ப டைனமோ, பொசிட்டிவ் ஏர்த். ஜப்பான் எஞ்சின் வந்தா அல்டர்னேட்டர், நெகட்டிவ் ஏர்த். பெட்டரியை மட்டும் திருப்பிப் போட்டா போதாது, சார்ஜ் லைட்டுக்குப் போற வயரை பழைய கன்ட்ரோல் பொக்ஸ்ல இருந்து கழட்டி அல்டர்னேட்டர் எல் முனைக்குக் கொண்டு போகணும். ஏ12ல உள்ள அல்டர்னேட்டர் அந்த பல்ப் வழியா வர்ற கரண்ட்டை வச்சுத்தான் முதல்ல உசுப்பேறும். பல்ப் பியூஸ்னா ஐடில்ல சார்ஜே வராது, ஒரு தடவை நல்லா ரேஸ் பண்ணினாத்தான் புடிக்கும். இப்ப பொடியன்மார் எல்லா பல்ப்பையும் எல்ஈடிக்கு மாத்துறானுங்க, எல்ஈடி வழியா போற கரண்ட் அதுக்குப் பத்தாது. சார்ஜ் லைட்டை மட்டும் பழைய பல்ப்பாவே விடுங்க.

வெலிமடை_வயரிங்

மாமா சொன்னதுல தலவாக்கலை தம்பிக்கு ஒரு வித்தியாசம். டொயோட்டா டென்சோ அல்டர்னேட்டர் சொக்கட்ல மூணு வயர் இருக்கும்: ஐஜி, எஸ், எல். உசுப்புற கரண்ட் ஐஜி வழியா வருது, லைட் வழியா இல்ல. உங்களுக்கு சாவி ஒன்ல லைட்டும் பத்தல, 12.3 வோல்ட்டுக்கு மேலயும் ஏறலன்னா எனக்கு சந்தேகம் ஐஜி வயர் மேலதான். ஐஜி வரலன்னா உள்ள உள்ள ரெகுலேட்டர் முழிக்காது, முழிக்கலன்னா லைட்டுக்கு ஏர்த்தும் குடுக்காது. அல்டர்னேட்டரைக் கழட்டி கடைக்குக் கொண்டு போறதுக்கு முந்தி சாவி ஒன் பண்ணி ஐஜி பின்ல 12 வோல்ட் வருதான்னு பாருங்க. எஸ் வயரும் பெட்டரிக்குப் போயிருக்கணும். ஓடும்போது 13.8ல இருந்து 14.4 வரைக்கும் வரணும்.

தலவாக்கலை_90

அக்கா கையைக் குடுங்க. ஐஜி வயர் வெறுமனே தொங்கிட்டு இருந்துச்சு, முனையில டேப் கூட இல்ல. சாவி ஒன் லைன்ல மாட்டினதும் லைட் பத்தி, ஸ்டார்ட் பண்ணினதும் அணைஞ்சு, 14.1 வோல்ட். எஞ்சின் பட்டையும் இல்லவே இல்ல, கியர் பொக்ஸ் போல்ட்ல இருந்து சேசிஸுக்கு பழைய லொறி பட்டை ஒண்ணு பூட்டிட்டேன். இப்ப ஹெட்லைட் போட்டாலும் முள்ளு ரெண்டும் அசையல.

அந்த ஆவி வந்த கதைக்கும் காரணம் கெடச்சிருச்சு, ரேடியேட்டர் ஃபேன் சுவிச்சும் மாட்டாமத்தான் இருந்துச்சு. ஆனா சுவிச்சைக் கழட்டினா ஃபேன் விடாம ஓடணும்னு ஒருத்தர் சொல்றாரு, எனக்கு ஓடலையே?

வெலிமடை_வயரிங்

அவர் சொன்னது சரி. இந்தக் காலத்து டொயோட்டா ஃபேன் சுவிச் குளிர்ல மூடியிருக்கும், சூடானா தெறக்கும், தெறந்தா ரிலே ஃபேனைப் போடும். அதனால வயர் அறுந்தாலும் ஃபேன் ஓடும், வண்டி தப்பிக்கும், நல்ல யோசனை. உங்களுக்கு ஓடலன்னா ரிலேயைக் கழட்டிட்டாங்க இல்லன்னா அந்த வயரை எங்கயோ ஏர்த்ல கொண்டு போய் கட்டியிருக்காங்க. பேட்டரி பக்கத்து ரிலே பொக்ஸைத் தெறந்து பாருங்க.

ஹட்டன்_லேண்ட்ரோவர்

இழையைக் கடத்துறதுக்கு மன்னிக்கணும், ஆனா ஆர்பிஎம் பத்தி கதை வரும்னு காத்துக்கிட்டு இருக்கேன். தோட்டத்துல ஓடுன பழைய சீரிஸ் லேண்ட்ரோவர் ஒண்ணு எடுத்து இசுசு டீசல் போட்டிருக்கு. ஆர்பிஎம் மீட்டர் ஒண்ணு வாங்கினேன், பெற்றோல் காருக்கு உள்ளது. டீசல்ல இக்னிஷன் கொயில் இல்லாததால அல்டர்னேட்டர் டபிள்யூ முனையில குடுக்கச் சொன்னாங்க. குடுத்தேன். ஐடில்ல 4500 காட்டுது! ரேஸ் பண்ணினா முள்ளு கடைசியில போய் முட்டிக்கிட்டு நிக்குது.

வெலிமடை_வயரிங்

சிரிச்சிட்டேன், மன்னிக்கணும் அண்ணே. மீட்டர் பொய் சொல்லல, அதுக்குத் தெரிஞ்ச கணக்கைத்தான் சொல்லுது. நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின்ல ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை ஸ்பார்க், அதனால ரெண்டு துடிப்பு வந்தா ஒரு சுத்துன்னு மீட்டர் எண்ணும். அல்டர்னேட்டர்ல பொதுவா 12 போல் (காந்த முனை), அது ஒரு தடவை சுத்தினா டபிள்யூவுல ஆறு துடிப்பு. புல்லி சின்னதுன்றதால எஞ்சின் ஒரு சுத்து சுத்துறப்ப அல்டர்னேட்டர் கிட்டத்தட்ட ரெண்டு சுத்து சுத்தும். ஆக எஞ்சினோட ஒரு சுத்துக்கு 12 துடிப்பு. மீட்டர் எதிர்பாக்குறது ரெண்டு. ஆறு மடங்கு. உங்க ஐடில் 750, பெருக்கிப் பாருங்க, 4500 சரியா வருது.

டீசலுக்குன்னு உள்ள மீட்டர் வாங்குங்க, பின்னாடி துடிப்பு கணக்கை மாத்துற சுவிச்சோ ஸ்க்ரூவோ இருக்கும். வேற நல்ல மீட்டர் உள்ள ஒரு வண்டியோட சத்தத்தை ஒப்பிட்டு ட்யூன் பண்ணாதீங்க, கையில புடிக்கிற டெக்கோ மீட்டர் ஒண்ணு, புல்லியில ஸ்டிக்கர் ஒட்டி லைட் அடிக்கிறது, இரவல் வாங்கி ஒத்துப் பாத்துக்கங்க. பெல்ட் வழுக்கினா ஆர்பிஎம்மும் கொறைச்சுக் காட்டும்னு ஞாபகம் வச்சுக்கங்க.

இன்னொண்ணு. சீரிஸ் லேண்ட்ரோவர்ல ஸ்மித்ஸ் மீட்டர்னா டேஷ்போட்டுக்குப் பின்னால சின்ன தகர டப்பா மாதிரி ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும், 12ஐ சராசரி 10 வோல்ட்டா கொறைச்சு ஹீட் மீட்டருக்கும் பெற்றோல் மீட்டருக்கும் குடுக்கும். ரெண்டு முள்ளும் ஒண்ணா சேந்து தூக்கிக் காட்டினா அதுதான் போயிருச்சு, இல்லன்னா அதுக்கு ஏர்த் இல்ல. ஹீட் முள்ளு மட்டும் பிழையா காட்டினா இசுசு சென்சர் ஸ்மித்ஸ் மீட்டருக்கு ஒத்துவரல, பழைய எஞ்சின் சென்சரை லேத்ல ஒரு அடாப்டர் கடைஞ்சு இதுல ஏத்துங்க.

தலவாக்கலை_90

எனக்கும் ஆர்பிஎம்!

வெலிமடை_வயரிங்

உங்களுக்கு சுலபம். முந்தி ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டி, அதனால உங்க பொடி வயரிங்ல அந்தப் பின்னுக்கு வயரே இருக்காது. சொக்கட் ஏறுதுன்றதுக்காக எல்லா பின்னுக்கும் வயர் இருக்குன்னு அர்த்தம் இல்ல. எஞ்சின் பக்கத்துல டயக்னோசிஸ்னு மூடியில எழுதின கறுப்பு பொக்ஸைத் தெறங்க, மூடிக்கு உள்பக்கம் பின் பேரெல்லாம் போட்டிருக்கும். ஐஜி மைனஸ்னு ஒண்ணு இருக்கும், ஆர்பிஎம் சிக்னல் அதுதான். அந்த வயரை எடுத்து டேஷ்போட் போர்ட்டுக்குப் பின்னால ஆர்பிஎம் பின்ல விடுங்க. போர்ட்டுக்குப் பின்னால அந்த மெல்லிசு பிளாஸ்டிக் தாள் மாதிரி உள்ள சர்க்கிட்டை வெரலால தடவிக்கிட்டே போனா ஆர்பிஎம் மீட்டர் ஸ்க்ரூவுல இருந்து எந்தப் பின்னுக்குப் போகுதுன்னு தெரியும். தாளை மடிக்காதீங்க, கோடு ஒடஞ்சிரும்.

கொயில் மைனஸ்ல கையை வைக்காதீங்க, நூத்துக்கணக்கான வோல்ட் துள்ளும்.

புது எஞ்சின்காரங்களுக்கு ஒரு வரி: ஒவ்வொரு பிளக்குக்கும் தனி கொயில் உள்ள எஞ்சின்ல ஒரே கொயில்ல இருந்து எடுத்தா மீட்டர் கால்வாசிதான் காட்டும்.

பதுளை_பழைய_புக்

நடுவுல ஒரு தலையீடு. மீட்டர் எல்லாம் சரி, வண்டி பதிவு புக்ல எஞ்சின் நம்பர் மாத்தியாச்சா? எஞ்சின் வாங்கின பில்லைப் பத்திரமா வச்சிருந்து மோட்டார் திணைக்களத்துல மாத்திடுங்க. எக்சிடென்ட் ஒண்ணு ஆகி இன்சூரன்ஸ்காரன் பொனட்டைத் தெறந்து நம்பர் பாக்குற நாள்ல ஆர்பிஎம் முள்ளு உதவிக்கு வராது.

தலவாக்கலை_90

பில் இருக்கு அண்ணே, அடுத்த கொழும்பு போறப்ப மோட்டார் திணைக்களத்துக்குத்தான்.

ஆர்பிஎம் ஓடுது! ஐடில் 800. இனி ஸ்பீட் மட்டும் பாக்கி. இன்னொரு விஷயம், செக் எஞ்சின் லைட் வயரையும் ஈசியூவுல இருந்து போர்ட்டுக்கு இழுத்தேன், இப்ப ஓடிக்கிட்டு இருக்கறப்ப லைட் பத்துது. டயக்னோசிஸ் பொக்ஸ்ல டீஈ1, ஈ1 ரெண்டையும் வயர் துண்டால சேத்தா நாலு தடவை மினுக்கி, நிறுத்தி, ரெண்டு தடவை மினுக்குது.

வெலிமடை_வயரிங்

42. ஸ்பீட் சிக்னல் வரலன்னு ஈசியூ அழுது. ரெண்டு பிரச்சினையும் ஒரே வேலையில முடியும்.

உங்க ஏஈ91 போர்ட் கேபிள்ல ஓடுறது. கியர் பொக்ஸ்ல இருக்கிறது ஏஈ100 எலெக்ட்ரிக் சென்சர். அந்த சென்சரை ஒரு போல்ட்டைக் கழட்டி வெளிய இழுத்துட்டு, அதே ஓட்டையில கேபிள் மாட்ற பழைய சாதி துண்டை, ஏஈ91, ஏஈ92 கியர் பொக்ஸ்ல உள்ளதை, சொருகலாம், சி சீரிஸ் பொக்ஸ்தானே. கழிச்சுப் போட்ட கியர் பொக்ஸ் உள்ள எந்தக் கடையிலயும் கெடைக்கும். சொருகுறதுக்கு முந்தி பிளாஸ்டிக் பல்சக்கரத்துல பல் எத்தனைன்னு பழசோட எண்ணிப் பாருங்க, ஒண்ணு ரெண்டு கூடக் கொறைய இருந்தா ஸ்பீட் பிழைக்கும். ஓ ரிங் புதுசு போடுங்க, இல்லன்னா கியர் ஒயில் கேபிள் வழியா மேல ஏறி மீட்டருக்குள்ளயே வந்துரும்.

ஜப்பான் கேபிள் மீட்டர் எல்லாம் கிலோமீட்டருக்கு 637 சுத்துன்ற கணக்குல செஞ்சது. இன்ஜெக்‌ஷன் வண்டி போர்ட்ல ஸ்பீட் மீட்டருக்குப் பின்னால ஒரு காந்த சுவிச் இருக்கும், கேபிள் ஒரு சுத்து சுத்தினா நாலு துடிப்பு ஈசியூவுக்கு அனுப்பும். நீங்க தற்செயலா சரியான போர்ட்டைத்தான் எடுத்திருக்கீங்க, கார்பரேட்டர் வண்டி போர்ட்னா அந்த சுவிச் இல்லாமக்கூட இருந்திருக்கலாம். அந்தப் பின்ல இருந்து ஈசியூ எஸ்பீடி பின்னுக்கு ஒரு வயர். அது போனா 42 அழியும்.

மைனர்_மாமா

மைனர்காரங்க இந்த 637ஐ எழுதி வச்சுக்கங்க. மைலுக்கு மாத்தினா சுமார் 1025. நம்ம ஸ்மித்ஸ் மீட்டர் முகத்துல அடியில பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும், மைலுக்கு எத்தனை சுத்துன்னு. ரெண்டும் ஒத்துப்போகாது, போதாக்குறைக்கு மைனர் டிஃபரன்ஷியலும் டயரும் வேற. நான் ஒரு பக்கம் மொரிஸ் தலை, மறுபக்கம் நிசான் தலை வச்சு கேபிள் ஒண்ணு கட்டி எடுத்தேன், முள்ளு ஓடுச்சு, ஆனா கொறைச்சுக் காட்டுச்சு. அப்புறம் மீட்டரையே ரிப்பேர் கடையில குடுத்து சரி பண்ண வேண்டியதாப்போச்சு.

தலவாக்கலை_90

சரியா காட்டுதான்னு எப்படி மாமா பாக்குறது?

மைனர்_மாமா

ரோட்டோரத்துல கிலோமீட்டர் கட்டை இருக்கே. 60ல போனா ஒரு கட்டையில இருந்து அடுத்த கட்டைக்கு 60 செக்கன்.

கம்பளை_கஜா

மாமா, தலவாக்கலைப் பக்கம் 60ல ஒரு கிலோமீட்டர் வளைவில்லாம போற ரோடு எங்க இருக்கு? காட்டுங்க, நானும் வர்றேன்.

மைனர்_மாமா

சரி, 40ல போங்க, 90 செக்கன். அதுவும் ஏலாதுன்னா உன் போன் ஜீபிஎஸ்ஸைப் பக்கத்துல வச்சுப் பாக்கட்டும், கடைசியில உன் கட்சிக்கும் ஒரு வேலை வந்துருச்சு.

தலவாக்கலை_90

கேபிள் துண்டு ஹட்டன்ல ஒரு கடையில பழைய பொக்ஸ்ல இருந்து கெடச்சுது, பல் ஒத்துப்போச்சு, ஓ ரிங்கும் புதுசு. கேபிள்தான் பழைய நீளத்துக்கு வளைவு இறுக்கமா வந்துச்சு, முள்ளு 30க்குக் கீழ துடிதுடிச்சுது. பயர்வோல் ஓட்டை வழியா கொஞ்சம் மேல தூக்கி, வளைவைப் பெருசாக்கி கிளிப் பண்ணினதும் நின்னுருச்சு. ஜீபிஎஸ்ல 40, முள்ளுல 42. எஸ்பீடி வயரும் போட்டாச்சு, பெட்டரி கழட்டி மாட்டின பிறகு செக் லைட் திரும்ப வரல. முந்தி ஜங்ஷன்ல நிப்பாட்டப் போறப்ப ஐடில் தூக்கிக்கிட்டு நிக்கும், அதுவும் இல்லாமப்போச்சு, அது இதோட சம்பந்தப்பட்டதுன்னே எனக்குத் தெரியாது.

ஃபேன் ரிலேயும் இல்லாமத்தான் இருந்துச்சு, போட்டேன். நேத்து கம்பளை போய் ரம்பொட வழியா ஏறி வந்தேன், நாலு பேரோட, ஏசி இல்லாம. முள்ளு பாதிக்குக் கொஞ்சம் கீழ, ஏத்தத்துல ஒரு நூல் ஏறி ஃபேன் போட்டதும் எறங்கிச்சு.

வெலிமடை_வயரிங்

ரொம்ப சந்தோஷம் தம்பி. 40க்கு 42 நல்ல கணக்கு, கூட்டிக் காட்டலாம், கொறைச்சுக் காட்டக்கூடாது. இப்ப எல்லா ஒட்டையும் தொறந்து சோல்டர் வச்சு ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு டேப் ஒட்டு ஒரு மழைக்காலம் தாங்காது, உள்ள பச்சை பூத்துரும். எந்த வயர் எங்க போகுதுன்னு ஒரு தாள்ல எழுதி கிளவ் பொக்ஸ்ல போட்டு வைங்க, அடுத்த தடவை யாராவது போர்ட் எரிஞ்சிருச்சுன்னு சொன்னா காட்டலாம்.

ஹட்டன்_லேண்ட்ரோவர்

டீசல் மீட்டர் வாங்கியாச்சு அக்கா, ஐடில்ல 750. தகர டப்பாவும் கெடச்சுது, ஏர்த் ஸ்க்ரூ துரு புடிச்சிருந்துச்சு. லேத் அடாப்டருக்கு பித்தளையா இரும்பா?

வெலிமடை_வயரிங்

பித்தளை. துருப் புடிக்காது, ஏர்த்தும் நல்லா போகும்.